தாய் மறந்தாலும் தேவன் மறவார்

குடும்ப வேதபாடம்

வாசிக்க வேண்டிய வேதபகுதி: ஏசாயா 46:3,4, 49:14-16, ஆதியாகமம் 9:20-23, 1 இராஜாக்கள் 19:1-8, ரோமர் 8:26-39



பிள்ளை வளர்ப்பைப் பற்றிப் பாடம் படித்திருக்கிறோம். கணவன் மனைவி உறவைப் பற்றிப் படித்திருக்கிறோம். வாலிபருக்கென்று முகாமே நடத்துகிறோம். ஆனால் பெற்ற தாய் தன் மகனைப் பார்த்து, "நீ யாருப்பா? எந்த ஊரு?" என்று கேட்கிற வீட்டிலே இருக்கிற விசுவாசிக்கு நாம் என்ன பாடம் வைத்திருக்கிறோம்? அந்த சகோதரி ஞாயிறு ஆராதனைக்கு வருவதில்லை. உபவாச ஜெபத்துக்கும் வருவதில்லை. "அவங்க பின்வாங்கிட்டாங்க போல" என்று பேசிக்கொள்கிறோம். அவர்கள் பின்வாங்கவில்லை. பூட்டிய கதவுக்குப் பின்னால் ஒரு வயதான ஜீவனைக் காத்துக்கொண்டிருக்கிறார்கள்.

ஏசாயா 49:15-ல் கர்த்தர் ஒரு தாயின் அன்பைத் தம்முடைய அன்போடு ஒப்பிடுகிறார். தாய் தன் பாலகனை மறப்பது நடக்காத காரியம் என்று நாம் நினைக்கிறோம். ஆனால் அதுவும் நடக்கக்கூடும் என்று அந்த வசனமே ஒப்புக்கொள்கிறது. இன்று அநேக வீடுகளில் அது நடந்துகொண்டிருக்கிறது. ஆகவே இந்தப் பாடத்தைக் கவனமாய்ப் படிப்போம்.

1. இது என்ன வியாதி?

இதை டாக்டர்கள் டிமென்ஷியா என்கிறார்கள். தமிழில் மறதி நோய் என்று சொல்லுகிறோம். மூளையின் அணுக்கள் கொஞ்சங்கொஞ்சமாய்ச் சேதமடைந்து, ஞாபகம், பேச்சு, நிதானம், சுபாவம் எல்லாம் குறைந்துகொண்டே போகிற நிலைமை இது. இதில் பல வகை உண்டு. அதிகமாய்க் காணப்படுவது அல்சைமர் நோய். 1906-ம் வருஷம் அலாய்ஸ் அல்சைமர் என்ற ஜெர்மன் தேசத்து டாக்டர், ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு பெண்ணின் நிலைமையை ஆராய்ந்து இதை எடுத்துச் சொன்னார். அவர் பெயரே வியாதிக்கு வந்துவிட்டது. அடுத்தபடியாக, பக்கவாதத்தாலும், பி.பி., சுகரினால் மூளையின் ரத்தக்குழாய்கள் அடைபடுவதாலும் வருகிற மறதி நோய்.

வயதான எல்லாருக்கும் இது வந்துதான் ஆகும் என்பது தவறு. கண்ணாடியை எங்கே வைத்தோம் என்று மறப்பது வயது. கண்ணாடி எதற்கு என்றே தெரியாமல் போவது வியாதி. இந்த வியாதியில் கிட்டத்தில் நடந்தது முதலில் மறக்கும். பழையது அதிக காலம் தங்கும். அதனால்தான் காலையில் இட்லி சாப்பிட்டதை மறந்து, "இவ எனக்குச் சோறே போடல" என்று பக்கத்து வீட்டில் சொல்லுகிற மாமியார், ஐம்பது வருஷத்துக்கு முந்தின கல்யாணத்தில் யார் யார் வந்தார்கள் என்று வரிசையாய்ச் சொல்லுகிறார். கேட்கிறவர்கள், "நல்லாத்தானே பேசுறாங்க, மருமகதான் சரியில்ல" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். தேவபிள்ளைகளே, இப்படி எத்தனை மருமக்கள் கெட்ட பெயர் வாங்கியிருக்கிறார்கள்!

2021-ம் வருஷக் கணக்கின்படி உலகத்தில் 5 கோடியே 70 லட்சம் பேருக்கு இந்த வியாதி இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்லுகிறது. நம் தேசத்தில் சுமார் 88 லட்சம் பேர் என்று 2023-ல் வெளிவந்த ஆய்வு சொல்லுகிறது. அதாவது 60 வயதுக்கு மேற்பட்டவர்களில் நூற்றுக்கு ஏழு பேருக்கு மேல். உங்கள் சபையில் நூறு முதியோர் இருந்தால் ஏழு பேரைத் தேடிப் பாருங்கள். முன்பெல்லாம் முதல் வரிசையில் உட்கார்ந்து கைதட்டிப் பாடின அந்த அம்மா இப்போது எங்கே?

ஒன்றை முக்கியமாய்க் கவனியுங்கள். மறதியெல்லாம் திரும்பாத மறதி அல்ல. தைராய்டு குறைவு, வைட்டமின் பி12 குறைவு, மனச்சோர்வு, சில மாத்திரைகளின் விளைவு, கீழே விழுந்த பிறகு தலைக்குள் மெதுவாய்க் கட்டிக்கொள்ளும் ரத்தம் - இவைகளாலும் மறதி வரும். இவைகளைக் கண்டுபிடித்தால் வைத்தியம் உண்டு. ஆகவே, "வயசாயிட்டா அப்படித்தான்" என்று விட்டுவிடாமல் ஒருமுறையாவது டாக்டரிடம் காட்ட வேண்டும். நேற்று வரை நன்றாய் இருந்தவர் ஒன்றிரண்டு நாளுக்குள் திடீரென்று குழம்பிப் பேசினால், சிறுநீரில் கிருமி, உடம்பில் தண்ணீர் வற்றிப்போவது, சோடியம் குறைவு, பக்கவாதம் இப்படி ஏதாவது இருக்கலாம். காலதாமதம் செய்யாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும்.

2. வியாதியா? பிசாசா?

நாம் பெந்தெகொஸ்தே விசுவாசிகள். தெய்வீக சுகத்தை விசுவாசிக்கிறோம். இயேசுவின் நாமத்தில் பிசாசு ஓடும் என்பதையும் அறிந்திருக்கிறோம். ஆகையினாலே நமக்கு நிதானம் அதிகம் வேண்டும்.

மத்தேயு 4:24-ஐத் திறந்து பாருங்கள். இயேசுவினிடத்தில் கொண்டுவரப்பட்டவர்களைச் சொல்லும்போது, பிசாசு பிடித்தவர்களை ஒரு வகையாகவும், சந்திரரோகிகளையும் திமிர்வாதக்காரரையும் வேறு வகையாகவும் மத்தேயு பிரித்து எழுதுகிறார். எல்லா வியாதியும் பிசாசு அல்ல என்று வேதமே சொல்லுகிறது. பிரித்தறிகிற வரத்தை வாஞ்சிக்கிற நாம், வேதம் பிரித்ததை ஒன்றாய்க் குழப்பலாமா?

மறதி நோய் உள்ள ஒருவர் இல்லாத ஆட்களைப் பார்ப்பதுண்டு. சாயங்காலம் ஆனதும் பதறுவதுண்டு. ஒரு நாளும் பேசாத கெட்ட வார்த்தையைப் பேசுவதுண்டு. வேதத்தைக் கையில் கொடுத்தால் தூக்கி எறிவதுமுண்டு. இதைப் பார்த்தவுடனே, "ஆவியின் கிரியை" என்று சொல்லி, நான்கு பேர் சுற்றி நின்று, தலையைப் பிடித்து உலுக்கி, காதில் சத்தமிட்டு ஜெபிக்கிறோம். அந்த வயதான தாயாருக்கு நாம் யாரென்று தெரியாது. எதற்குக் கத்துகிறோம் என்றும் தெரியாது. அந்நியர்கள் அடிக்க வந்திருக்கிறார்கள் என்று எண்ணி நடுங்குகிறார்கள். அந்த நடுக்கத்தைப் பார்த்து, "பார், பிசாசு நடுங்குது" என்கிறோம். அது பிசாசின் நடுக்கம் அல்ல, பயந்த குழந்தையின் நடுக்கம்.

சுகர் உள்ள முதியவருக்கு ஆகாரம் கொடுக்காமல் உபவாசம் போடுவது, கட்டிலில் கட்டிவைப்பது, "விசுவாசம் இருந்தா மாத்திரை எதுக்கு?" என்று மருந்தை நிறுத்துவது, இவை ஒன்றும் சுவிசேஷத்தில் இல்லை. டோனெபெசில், மெமான்டின் போன்ற மாத்திரைகள் வியாதியை முற்றிலும் நீக்காது. ஆனால் சிலருக்குச் சில காலம் உபத்திரவம் குறைய உதவும். நிறுத்துவதானாலும் டாக்டர் சொல்லித்தான் நிறுத்த வேண்டும்.

அப்படியானால் ஜெபிக்கக் கூடாதா? ஜெபிக்க வேண்டும்! யாக்கோபு 5:14-ன்படி மூப்பர்கள் போய் எண்ணெய் பூசி ஜெபிக்கட்டும். மெதுவான சத்தத்தில், கையைப் பிடித்துக்கொண்டு, முகத்துக்கு நேரே புன்னகையோடு ஜெபியுங்கள். கர்த்தர் சுகம் கொடுக்க வல்லவர். அவர் வேறு விதமாய் நடத்தினால், "வீட்டில யாரோ பாவம் செஞ்சிருக்காங்க" என்று சொல்லாதிருங்கள். யோவான் 9-ம் அதிகாரத்தில் சீஷர்கள் கேட்ட கேள்வி அதுதான். ஆண்டவர் அதை அப்போதே தள்ளிவிட்டார்.

3. இயேசுவையே மறந்துவிட்டால்?

இது பலருடைய உள்ளத்தில் உள்ள கேள்வி, வெளியே கேட்கப் பயப்படுகிறார்கள். "பாஸ்டர், எங்க அம்மா நாற்பது வருஷம் விசுவாசி. இப்ப இயேசுன்னா யாருன்னு கேட்குறாங்க. அவங்க ரட்சிப்பு என்ன ஆகும்?"

பிரியமானவர்களே, ரட்சிப்பு நம்முடைய ஞாபகத்தின் மேல் கட்டப்பட்டிருந்தால் நாம் எல்லாரும் பரிதாபமானவர்கள். தூங்கும்போது நமக்கு ஆண்டவர் ஞாபகம் இருக்கிறதா? ஆபரேஷன் தியேட்டரில் மயக்க ஊசி போட்டபோது இருந்ததா? கலாத்தியர் 4:9-ல் பவுல், நீங்கள் தேவனை அறிந்தீர்கள் என்று ஆரம்பித்து, உடனே அதைத் திருத்தி, தேவனாலே நீங்கள் அறியப்பட்டவர்கள் என்று சொல்லுகிறார். 2 தீமோத்தேயு 2:19-ல் உள்ள முத்திரையிலும் இதுவே இருக்கிறது: தம்முடையவர்கள் யாரென்று கர்த்தருக்குத் தெரியும். நாம் அவரைப் பிடித்திருக்கிற கை தளர்ந்துபோகலாம். அவர் நம்மைப் பிடித்திருக்கிற கை தளர்வதில்லை (யோவான் 10:28,29). அல்லேலூயா!

ரோமர் 8:26-ஐப் பாருங்கள். எப்படி ஜெபிக்கிறதென்று தெரியாத பலவீனத்தில் ஆவியானவரே வார்த்தைக்கு அடங்காத பெருமூச்சுகளோடு வேண்டுதல் செய்கிறார். இந்த வசனத்தை நாம் அந்நியபாஷையைக் குறித்தே அதிகம் பேசியிருக்கிறோம். வார்த்தைகள் எல்லாம் போய்விட்ட ஒரு தாயாரின் கட்டிலருகே நின்று இதை வாசித்துப் பாருங்கள். அவர்கள் உள்ளே வாசம் பண்ணுகிற ஆவியானவருக்கு டிமென்ஷியா கிடையாது.

வேத வசனமும் பாட்டும் கடைசி வரை நிற்பதைப் பலர் கண்டிருக்கிறார்கள். மகன் பெயர் மறந்துபோன தாயார், சிறுவயதில் படித்த கீர்த்தனையை முதல் அடி எடுத்துக் கொடுத்தால் மீதியைப் பாடுவார்கள். 23-ம் சங்கீதத்தை ஆரம்பித்தால் உதடு அசையும். பழைய பாட்டு மூளையில் ஆழமாய்ப் பதிந்து நிற்கும் என்று டாக்டர்களும் சொல்லுகிறார்கள். ஆகவே, "அவங்களுக்கு ஒண்ணும் புரியாது" என்று குடும்ப ஜெபத்திலிருந்து ஒதுக்கிவைக்காதிருங்கள். புதிய பாட்டை அல்ல, அவர்கள் வாலிபத்தில் பாடின பாட்டையே பாடுங்கள்.

திருவிருந்து கொடுக்கலாமா என்றும் கேட்கிறார்கள். தன்னைத்தான் சோதித்தறிய முடியாதே என்பது கேள்வி. 1 கொரிந்தியர் 11-ம் அதிகாரத்தை முழுவதும் வாசியுங்கள். பவுல் கண்டித்தது யாரை? ஏழைகள் வருமுன்னே சாப்பிட்டு வெறித்து, இல்லாதவர்களை வெட்கப்படுத்தினவர்களை (21, 22). பலவீனமான ஒரு சகோதரியைப் பந்தியிலிருந்து தள்ளுவதற்கு அந்த வசனம் கொடுக்கப்படவில்லை. ஞானஸ்நானம் பெற்று இத்தனை வருஷம் பந்தியில் பங்குபெற்றவர்களை வியாதி வந்ததினிமித்தம் நிறுத்த வேண்டியதில்லை என்பதே என் தாழ்மையான எண்ணம். உங்கள் சபை மூப்பரோடு கலந்து முடிவுசெய்யுங்கள். விழுங்கக் கஷ்டப்படுகிறவர்களுக்கு அப்பத்தைச் சிறு துணிக்கையாய்த் திராட்சரசத்தில் நனைத்து, உட்காரவைத்துக் கொடுங்கள்.

4. வீட்டிலே எப்படி நடந்துகொள்வது?

(அ) வாதாடாதிருங்கள். "என் கம்மலை எடுத்துட்டா" என்று அத்தை சொன்னால், "நான் எடுக்கல, பெட்டியில நீங்கதான் வச்சீங்க" என்று நிரூபிக்கப் போகாதீர்கள். நிரூபித்தாலும் பத்து நிமிஷத்தில் மறந்துபோகும். மிஞ்சி நிற்பது சண்டையின் கசப்பு மட்டுமே. "கம்மலைக் காணோமா அத்தை? வாங்க, ரெண்டு பேரும் தேடுவோம்" என்று சொல்லுங்கள். குற்றம் சாட்டுவது அவர்கள் அல்ல, வியாதி. இதை மருமகள் மட்டுமல்ல, மகனும் புரிந்துகொள்ள வேண்டும்.

(ஆ) பொய் சொல்லலாமா? இறந்துபோன கணவரைத் தேடி, "அப்பா எங்கடா, இன்னும் வீட்டுக்கு வரலியே" என்று அம்மா கேட்கிறார்கள். "அப்பா செத்துப்போய் இருபது வருஷம் ஆச்சும்மா" என்று சொன்னால் அன்றைக்குத்தான் விதவையானதுபோல் அழுகிறார்கள். நாளைக்கும் கேட்பார்கள், நாளைக்கும் அழுவார்கள். "இதோ வந்துடுவாங்க" என்று சொல்ல விசுவாசியின் மனச்சாட்சி இடங்கொடுக்கவில்லை. என்ன செய்வது? கேள்விக்குப் பின்னால் இருக்கிற ஏக்கத்துக்குப் பதில் சொல்லுங்கள். "அப்பா ஞாபகம் வந்துட்டாம்மா? அப்பா உங்களுக்கு முதல்ல வாங்கித் தந்த சேலை என்ன கலரு?" என்று கேளுங்கள். பொய்யும் இல்லை, காயமும் இல்லை. நம் ஆண்டவரும், கேட்ட கேள்விக்கு நேராய்ப் பதில் சொல்லாமல் கேட்டவரின் இருதயத்துக்குப் பதில் சொன்ன இடங்கள் சுவிசேஷத்தில் பல உண்டே. "வீட்டுக்குப் போகணும்" என்று சொந்த வீட்டிலேயே உட்கார்ந்து சொல்லும்போதும் இப்படியே செய்யுங்கள். கொஞ்ச தூரம் நடத்திக்கொண்டு போய்த் திரும்ப அழைத்து வாருங்கள்.

(இ) மானத்தைக் காப்பாற்றுங்கள். ஆதியாகமம் 9:23-ல் சேமும் யாப்பேத்தும் தகப்பனுடைய நிர்வாணத்தைப் பார்க்காதபடி பின்னிட்டு நடந்து வந்து மூடினார்கள். நோவா அப்போது இருந்த நிலைமை அவருடைய சொந்தத் தவறு. அப்படியிருந்தும் பிள்ளைகள் மூடினார்கள். வியாதியினால் துணியைக் கழற்றுகிற, படுக்கையை நனைக்கிற பெற்றோருக்கு எவ்வளவு அதிகமாய்ச் செய்ய வேண்டும்! குளிப்பாட்டும்போது ஒரு துண்டைப் போர்த்தி, செய்யப்போவதை ஒவ்வொன்றாய்ச் சொல்லிச் செய்யுங்கள். அவர்கள் செய்ததைப் பிறரிடம் வேடிக்கையாய்ச் சொல்லாதீர்கள். போனில் வீடியோ எடுத்து உறவினருக்கு அனுப்பாதீர்கள். காம் செய்த காரியம் அதுவே: பார்த்தான், வெளியே போய்ச் சொன்னான்.

(ஈ) மாதம் ஒரு வீடு என்று மாற்றாதீர்கள். 2 சாமுவேல் 19-ல் எண்பது வயதான பர்சிலா, "உம்மோடே எருசலேமுக்கு வரமாட்டேன், என் சொந்த ஊரிலேயே இருந்துகொள்கிறேன்" என்ற பொருளில் ராஜாவிடம் கேட்கிறார். தாவீது வற்புறுத்தவில்லை, முத்தமிட்டு அனுப்பிவைத்தார். நம் குடும்பங்களில் பெற்றோரை மூன்று பிள்ளைகளும் முறை போட்டுப் பார்த்துக்கொள்வது நியாயமாய்த் தோன்றுகிறது. ஆனால் மறதி நோய் உள்ளவருக்கு ஒவ்வொரு வீடும் புதிய ஊர். கக்கூஸ் எங்கே என்று பழகுமுன்னே அடுத்த வீடு. கூடுமானவரை அவர்கள் ஒரே இடத்தில் இருக்கட்டும். பிள்ளைகள் முறை போட்டு அங்கே வாருங்கள்.

(உ) பாதுகாப்பு. ராத்திரியில் கேஸ் சிலிண்டரை மூடிவையுங்கள். கதவின் தாழ்ப்பாளை எளிதில் கண்ணில் படாத உயரத்தில் போடுங்கள். ஆனால் தனியே உள்ளே வைத்துப் பூட்டிவிட்டுப் போகாதீர்கள். பாத்ரூமில் வழுக்காத மிதியடியும் பிடித்துக்கொள்ளக் கம்பியும் இருக்கட்டும். பெயரும் போன் நம்பரும் எழுதின அட்டையை உடையில் பின் குத்தி வையுங்கள். சமீபத்தில் எடுத்த போட்டோ ஒன்று கையில் இருக்கட்டும். இருட்டுமுன்னே லைட் போடுங்கள், சாயங்காலப் பதற்றம் குறையும்.

5. பார்த்துக்கொள்கிறவரை யார் பார்ப்பது?

1 இராஜாக்கள் 19-ல் எலியா சூரைச்செடியின் கீழே படுத்து, போதும் கர்த்தாவே என்று சாவைக் கேட்கிறார். அக்கினியை இறக்கின தீர்க்கதரிசி! கர்த்தர் அவரைக் கடிந்துகொண்டாரா? இல்லை. தூங்க விட்டார். தூதனை அனுப்பி எழுப்பி, சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்தார். மறுபடியும் தூங்க விட்டார். மறுபடியும் ஆகாரம். ஓரேபில் பேசினது அதற்குப் பிறகுதான். ராத்திரி நான்கு தடவை எழுந்து ஈரத்துணி மாற்றின சகோதரியிடம், "உங்க ஜெப ஜீவியம் எப்படி இருக்கு?" என்று முதலாவது கேட்காதிருப்போம். அவர்களுக்கு முதலாவது தேவை தூக்கம்.

இப்படிப் பார்த்துக்கொள்கிறவர்களுக்குக் கோபம் வரும். "ஆண்டவரே, சீக்கிரம் எடுத்துக்கொள்ளும்" என்ற எண்ணமும் வரும். அடுத்த நிமிஷமே, "நான் எவ்வளவு பெரிய பாவி" என்று அழுவார்கள். சகோதரியே, சகோதரனே, நீங்கள் பாவியாய் ஆகிவிட்டதனால் அல்ல, தாங்க முடியாமல் களைத்துப்போனதனாலே அந்த எண்ணம் வருகிறது. சங்கீதக்காரன் இதைவிடக் கடினமான வார்த்தைகளைக் கர்த்தரிடத்தில் ஊற்றியிருக்கிறான். நீங்களும் அவரிடத்தில் ஊற்றுங்கள். ஆனால் கை ஓங்குகிற அளவுக்குப் போகிறதென்று தெரிந்தால், உடனே அந்த அறையை விட்டு வெளியே வந்து இன்னொருவரைக் கூப்பிடுங்கள். அது தோல்வி அல்ல, ஞானம்.

யாத்திராகமம் 18-ல் எத்திரோ மோசேயைப் பார்த்து, தனியாய்ச் செய்தால் தளர்ந்துபோவாய் என்றார். நம் வீடுகளில் பாரம் எல்லாம் ஒரே ஒரு பெண்ணின் மேல் விழுகிறது. மருமகள், இல்லாவிட்டால் கல்யாணமாகாத மகள். சென்னையிலும் துபாயிலும் இருக்கிற சகோதரர்கள் பணம் அனுப்புகிறார்கள், போனில் ஆலோசனையும் அனுப்புகிறார்கள். பணம் நல்லதுதான். ஆனால் வருஷத்தில் பதினைந்து நாள் வந்து, தங்கள் கையால் அம்மாவுக்குச் சோறு ஊட்டி, அந்தப் பெண்ணை ஓய்வெடுக்க அனுப்பினால் அது அனுப்பின பணத்தைவிட மேலானது.

ஊழியம் செய்கிறோம் என்று சொல்லிப் பெற்றோரைக் கைவிடுகிறவர்களுக்கு மாற்கு 7:9-13 போதும். "கொர்பான்" என்று சொல்லித் தகப்பனுக்கும் தாய்க்கும் செய்ய வேண்டியதை நிறுத்தினவர்களை ஆண்டவர் எவ்வளவு கடினமாய்க் கண்டித்தார்! அவரோ சிலுவையில் தொங்கும்போதும் தம்முடைய தாயை ஒரு சீஷனுடைய வீட்டில் ஒப்புவித்தார் (யோவான் 19:26,27).

அமெரிக்காவில் ராபர்ட்சன் மெக்குயில்கின் என்ற தேவ மனிதர் இருந்தார். ஜப்பானில் பன்னிரண்டு வருஷம் மிஷனெரி. அதன்பின் 1968 முதல் தென் கரோலினாவில் கொலம்பியா வேதாகமக் கல்லூரியின் தலைவர். அவருடைய மனைவி முரியேலுக்கு ஐம்பதுகளிலேயே அல்சைமர் நோய் வந்தது. கணவரைக் காணாவிட்டால் அவர்களுக்குப் பயம். அரை மைல் தூரத்திலிருந்த அவர் அலுவலகத்துக்கு ஒரே நாளில் பலமுறை வேகமாய் நடந்து தேடி வருவார்கள். ஒரு ராத்திரி பார்த்தால் பாதங்களில் ரத்தம். 1990-ல் அவர் தலைவர் பதவியை ராஜினாமா செய்து மனைவியோடு வீட்டில் இருந்துவிட்டார். இத்தனை வருஷம் என்னைப் பார்த்துக்கொண்டவள், இப்போது என் முறை என்பதே அவருடைய எண்ணம். முரியேல் 2003-ல் கர்த்தரிடம் போகும் வரைக்கும் பார்த்துக்கொண்டார்.

இதைச் சொல்லுவது எல்லாரும் வேலையை விட வேண்டும் என்பதற்காக அல்ல. தினக்கூலிக்குப் போகிறவர் வேலையை விட்டால் வீட்டில் அடுப்பு எரியாது. பகலில் ஆள் வைப்பதோ, நல்ல பராமரிப்பு இல்லத்தில் சேர்த்து வாரந்தோறும் போய்ப் பார்ப்பதோ பாவம் அல்ல. கொண்டுபோய் விட்டுவிட்டு மறப்பதுதான் பாவம். மெக்குயில்கினிடம் நாம் கற்றுக்கொள்ள வேண்டியது இதுவே: கட்டிலருகே இருப்பது ஊழியத்துக்குத் தடை அல்ல, அதுவே ஊழியம்.

6. சபை என்ன செய்யலாம்?

யாத்திராகமம் 17:12-ல் மோசேயின் கைகள் பாரமானபோது ஆரோனும் ஊரும் என்ன செய்தார்கள்? உட்காரக் கல் வைத்தார்கள், ஆளுக்கொரு பக்கமாய்க் கையைத் தாங்கினார்கள்.

- வாரத்தில் ஒரு நாள், இரண்டு சகோதரிகள் இரண்டு மணி நேரம் அந்த வீட்டில் போய் இருங்கள். வீட்டுக்காரர் தூங்கட்டும், கடைக்குப் போகட்டும், இல்லாவிட்டால் ஆராதனைக்கு வரட்டும். எப்போதும் அதே ஆட்கள் போனால் அந்த முதியவருக்கும் முகம் பழகும்.
- மாதம் ஒருமுறை வீட்டு ஜெபக்கூட்டத்தை அங்கேயே வையுங்கள். மைக் வேண்டாம், பெருங்கூட்டம் வேண்டாம். ஐந்தாறு பேர், அரைமணி நேரம் போதும்.
- ஆராதனையில் எழுந்து நடந்தாலோ சத்தமிட்டாலோ திரும்பிப் பார்த்து முறைக்காதீர்கள். வாசலுக்குப் பக்கத்தில் ஒரு இடம் ஒதுக்குங்கள்.
- போகும்போது ஆலோசனைப் பொட்டலத்தைக் கட்டிக்கொண்டு போகாதீர்கள். யோபுவின் சிநேகிதர் ஏழு நாள் பேசாமல் உட்கார்ந்திருந்த வரைக்கும் நல்லவர்களாயிருந்தார்கள்.
- உதவி கிடைக்கிற இடங்களைச் சொல்லிக்கொடுங்கள். முதியோருக்கான தேசிய உதவி எண் 14567. மனநல ஆலோசனைக்கான டெலி மானஸ் 14416, இது பார்த்துக்கொள்கிறவருக்கும் உதவும். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பி.பி., சுகர் மாத்திரை வீடு தேடி வரும். படுக்கையில் இருப்பவருக்கு வலி நிவாரண சிகிச்சையும் உண்டு. 1984-ல் சென்னையில் தொடங்கப்பட்ட ஸ்கார்ப் மனநல நிறுவனமும், 1992-ல் கேரளாவில் தொடங்கிய ஏ.ஆர்.டி.எஸ்.ஐ. சங்கமும் இந்த வியாதி உள்ளவர்களுக்குச் சேவை செய்கின்றன.

நாற்பது, ஐம்பது வயதில் இருக்கிற நாமும் நம் சரீரத்தைப் பேண வேண்டும். பி.பி., சுகர், கொழுப்பு, புகை, தலையில் அடி, காது கேளாமை, பார்வைக் குறைவு, தனிமை என்று பதினான்கு காரணங்களைச் சரிசெய்தால், உலகத்தில் வருகிற மறதி நோயில் 45 சதவீதம் வரை தடுக்கவோ தள்ளிப்போடவோ கூடும் என்று 2024-ல் லான்செட் மருத்துவக் குழு அறிக்கை கொடுத்தது. பாடகரின் சத்தம் கேட்க முடியவில்லை என்று பர்சிலா வருத்தப்பட்டார். உங்கள் தகப்பனாருக்குக் காது மிஷின் வாங்கிக் கொடுங்கள். ஹெல்மெட் போடுங்கள். ஆலயமாகிய சரீரத்தைக் காப்பதும் ஆவிக்குரிய காரியமே.

முடிவுரை

ஏசாயா 46-ம் அதிகாரத்தில் இரண்டு வகை தெய்வங்கள் உண்டு. பாபிலோனின் தெய்வங்களை மிருகங்களின் மேல் ஏற்றிச் சுமக்க வேண்டும். சுமக்கிற மிருகம் இளைத்துப்போகும். நம்முடைய தேவனோ தாமே சுமக்கிறவர், கருவில் தொடங்கி நரைமயிர் வரைக்கும் சுமப்பதாக வாக்குக் கொடுத்தவர். தன் பெயரை மறந்த தாயையும் அவர் சுமக்கிறார். அந்தத் தாயைத் தூக்கி உட்காரவைத்து இடுப்பு வலிக்கிற மகளையும் சேர்த்துச் சுமக்கிறார். அந்த மகளின் பெயர் அம்மாவுக்கு ஞாபகம் இல்லாமற்போகலாம். அது அவருடைய உள்ளங்கையில் வரையப்பட்டிருக்கிறது.

சிந்திக்க, கலந்துபேச:

1. நம் சபையில் ஆறு மாதமாய் வராத முதியவர்கள் யார்? அவர்களைப் பார்த்துக்கொள்கிறவர் யார்?
2. மத்தேயு 4:24-ன்படி, வியாதிக்காரருக்கு ஜெபிக்கும் முறையில் நாம் எதை மாற்ற வேண்டும்?
3. நம் குடும்பத்தில் பெற்றோரின் பாரம் யார்மேல் மட்டும் இருக்கிறது? இந்த மாதம் நான் எதைப் பகிர்ந்துகொள்வேன்?
4. என் ஞாபகம் போகும் நாள் வந்தால், என் பிள்ளைகள் எந்த வசனத்தை, எந்தப் பாட்டை என் காதில் சொல்ல வேண்டும்? இன்றே அவர்களிடம் சொல்லிவைப்போமா?

ஜெபம்: எங்களை மறவாத தகப்பனே, ஞாபகம் இழந்த உம்முடைய பிள்ளைகளை உம்முடைய கரத்தில் தருகிறோம். பயத்தை நீக்கி, சமாதானத்தைத் தாரும். இரவும் பகலும் அவர்களைத் தாங்குகிறவர்களுக்குத் தூக்கத்தையும், பெலனையும், துணைக்கு ஒரு ஆளையும் தாரும். அந்த ஆளாய் எங்களை அனுப்பும். இயேசுவின் நாமத்தில் ஜெபிக்கிறோம் நல்ல பிதாவே, ஆமென்.